ஆறு சாம்பலும் ஓர் ஆரஞ்சும்

அந்தச் சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, தன் முட்டியில் வலி வரவழைப்பது என்று கணேஸ்வரன் முடிவு செய்தார்.

சும்மா எடுத்த முடிவல்ல. மூன்று நாள் யோசித்திருந்தார். தலைவலி என்றால் மனைவி கலாவதி தைலத்தைத் தடவி இழுத்துக்கொண்டு போய்விடுவாள். வயிற்றுவலி என்றால் கசாயம் வரும். காய்ச்சலை நெற்றியில் கை வைத்த மறுநொடி பொய் என்று சொல்லிவிடுவாள். முட்டி ஒன்றுதான் உள்ளே நடப்பதை வெளியே காட்டாது. கல்யாணமாகி முப்பத்து நான்கு வருடத்தில் கலாவதிக்குத் தெரியாத இடம் என்று அவர் உடம்பில் மிஞ்சியிருந்தது அது மட்டுமே.

எல்லாம் ஒரு குரங்குக் குட்டிக்காக.

கணேஸ்வரனுக்கு அறுபத்தொரு வயது. செம்பனை எண்ணெய் ஆலையில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்தவர். பழக்குலை ஏற்றி வரும் லோரிகளை நிறுத்தி, எடை எழுதி, அனுப்பிவிடுவது வேலை. ஓய்வு பெற்ற வாரம், பினாங்கில் வேலை செய்யும் மகள் குமுதா ஒரு சின்னக் கேமரா வாங்கி அனுப்பினாள். அதில் ஒரு வித்தை இருந்தது. ஏதாவது ஒரு நிறத்தைக் காட்டி, இது மட்டும் போதும் என்று சொல்லிவிட்டால், மற்ற உலகம் முழுவதையும் அந்தக் கேமராவே கறுப்பு வெள்ளையாக்கிவிடும். பிறகு உட்கார்ந்து அழிப்பது, திருத்துவது எல்லாம் கிடையாது. எடுக்கிற அந்த நொடியிலேயே மற்ற நிறங்கள் போய்விடும். போனது போனதுதான்.

அவருக்கு அது பித்தாகப் பிடித்துக்கொண்டது. அசாம் ஜாவாப் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் இருந்த அவர் வீட்டில் எதுவும் தப்பவில்லை. கறுப்பு வெள்ளைக் குளியலறையில் சிவப்பு வாளி. கறுப்பு வெள்ளை வாசலில் மஞ்சள் எலுமிச்சை. கறிவேப்பிலை மட்டும் பச்சையாக மிதக்கும் சாம்பல் நிறச் சாம்பார். ஒருமுறை கலாவதியையே நாற்காலியில் உட்கார வைத்து, பொட்டு மட்டும் சிவப்பாக ஒரு படம் எடுத்தார். பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து காட்டினார்.

கலாவதி வெகுநேரம் பார்த்தாள். கூடத்துச் சுவரில் மாமனாரும் மாமியாரும் கறுப்பு வெள்ளையில், குங்குமப் பொட்டோடு, வரிசையாகத் தொங்குவதையும் ஒருமுறை பார்த்தாள்.

"நல்லா இருக்கு," என்றாள். "மாலை எப்பப் போடப் போறீங்க?"

அதற்குப் பிறகு அவர் வீட்டு மனிதர்களை எடுப்பதில்லை.

இந்த நிலையில்தான் கோல சிலாங்கூர்ப் புகைப்பட அன்பர்கள் குழுவினர் ஒரு போட்டி வைத்தார்கள். தலைப்பு, 'ஒரே ஒரு நிறம்.' கணேஸ்வரனுக்கு உடனே மெலாவாத்திக் குன்று ஞாபகத்துக்கு வந்தது. அங்கே இருக்கும் லுத்தோங் குரங்குகள் எல்லாம் சாம்பல் நிறம். வெள்ளி பூசினாற்போல் முடி. ஆனால் குட்டி பிறக்கும்போது தகதகவென்று ஆரஞ்சு நிறத்தில் பிறக்கும். மூன்று மாதம்போல அப்படி இருந்துவிட்டு அதுவும் மெல்ல மெல்லச் சாம்பலாகிவிடும். இயற்கையே அவருடைய கேமராவை இரவல் வாங்கி எடுத்த படம் மாதிரி. இப்போது குன்றில் ஒரே ஒரு குட்டி ஆரஞ்சில் இருந்தது. அதற்கும் வாலில் சாம்பல் ஏறத் தொடங்கிவிட்டதாகக் குழுவில் சொன்னார்கள். போட்டி ஞாயிறோடு முடிகிறது. வாரம் முழுக்கக் காலைகளில் மழை.

சனிக்கிழமையோ ரவாங்கில் மச்சான் பாலகிருஷ்ணன் வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து. போனால் ஞாயிறு இரவுதான் திரும்ப முடியும்.

ஆகவே முட்டி.

"கலா... யம்மா... கலா..."

அடுக்களையிலிருந்து ஈரக் கையோடு வந்து நின்றாள். "என்னங்க?"

"முட்டிலா. கால ஊனவே முடியல."

"எந்த முட்டி?"

மூன்று நாளில் இந்தக் கேள்வியை அவர் யோசிக்கவில்லை. "வலது."

"நேத்து சாயங்காலம் எடது பக்கமாவுல நொண்டுனீங்க?"

முந்தின நாள் கொல்லையில் செய்த ஒத்திகையைப் பார்த்திருக்கிறாள்.

"அது... அங்கேருந்து இங்க வந்துருச்சி."

"வீடு மாத்திக்கிச்சா? சரி."

குனிந்து முட்டியைத் தொட்டாள். அவர் கத்தினார். தொட்டது இடது முட்டி. பாதியில் புரிந்து, கத்தலை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"ரவாங்குக்கு எப்படிலா இந்தக் காலோட..." என்று ஆரம்பித்தார். அடுத்து வரப்போகும் சண்டைக்குப் பதினோரு பதில்கள் தயாராக வைத்திருந்தார். ஒன்றுக்கும் வேலை வரவில்லை.

"பாவம். நீங்க படுங்க," என்றாள் கலாவதி. "நான் மட்டும் போயிட்டுப் பொழுது சாய வந்துர்றேன். அண்ணியோட தங்கச்சி வேன் முச்சந்தி வழியாத்தான் வருது. ஏறிக்கிறேன்."

"மச்சானுக்கு நானே போன் போட்டு ஒரு வார்த்தை..."

"வேணாம் வேணாம். வலியில பேசுனா அவருக்கு மனசு தாங்காது. எல்லாம் நான் சொல்லிக்கிறேன்."

சாத்தியிருக்கும் என்று நம்பித் தோளால் முட்டிய கதவு திறந்தே கிடந்தால் ஒருவன் எப்படித் தடுமாறுவானோ, அப்படித் தடுமாறினார் கணேஸ்வரன். இவ்வளவு நல்லவளையா ஏமாற்றுகிறோம் என்று நெஞ்சு கொஞ்சம் கனத்தது. அவள் உடுத்திக்கொண்டு வந்து, சோற்றை மூடி வைத்திருப்பதாகச் சொல்லி, பையை மாட்டிக்கொண்டு, கேட்டைச் சாத்திக்கொண்டு போகும் வரைக்கும் கனத்தது. பிறகு, வேன் போகும் அளவுக்குப் பொறுத்திருந்து, எழுந்து கால்சட்டையை மாட்டினார்.

சனி, ஞாயிறில் குன்றின் மேல் வண்டிகளை விடமாட்டார்கள். காரை அடிவாரத்தில் விட்டுவிட்டு, வலிக்கிற முட்டியோடு வளைந்து வளைந்து போகும் பாதையில் விறுவிறுவென்று ஏறினார்.

மேலே இன்னும் பனி விலகவில்லை. கலங்கரை விளக்கத்தின் தலை மட்டும் தெரிந்தது, உடம்பைக் காணோம். மரங்களின் கீழே பழைய பீரங்கிகள் ஈரத்தில் படுத்திருந்தன. கீழே கடலும் அலையாத்திக் காடும் இருக்க வேண்டிய இடத்தில் பால் போல ஒரு வெறுமை மட்டும் இருந்தது. எங்கோ ஒரு பறவை ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. யாரும் பதில் சொல்லவில்லை.

குரங்குகள் சத்தமில்லாமல் இறங்கி வந்தன. அவை சத்தம் போடுகிற ஜாதி இல்லை. கோயிலுக்கு வந்தவர்கள் மாதிரி ஆளுக்கு ஓர் இடத்தில் உட்கார்ந்துகொண்டன. ஒன்றின் மடியில் அந்தக் குட்டி. அது கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு அடுத்ததிடம் கொடுத்தது. அது அதற்கடுத்ததிடம். பெற்றவள் எது என்று கண்டுபிடிக்க முடியாதபடி, ஒரு சின்ன நெருப்பு மடிமடியாகக் கைமாறிக்கொண்டிருந்தது.

கணேஸ்வரன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். புல்லில் மண்டியிட்டார். குட்டியின் ஆரஞ்சைக் கேமராவுக்குக் காட்டினார்.

உள்ளங்கை அளவுத் திரையில் உலகம் அடங்கிப்போனது. பச்சை போனது, மண்ணின் சிவப்பு போனது, வானத்தில் இருந்த கொஞ்ச நஞ்ச நீலமும் போனது. சாம்பல் மரம், சாம்பல் புல், சாம்பல் உருவங்கள். எண்ணினார். ஆறு. நடுவில் ஒன்று மட்டும் எரிந்தது. ஆறு உருவங்களில் ஒன்று பின்னால் தள்ளி, பீரங்கி ஓரத்தில், தனியாக உட்கார்ந்து எதையோ கொறித்துக்கொண்டிருந்தது. மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிசு. கூட்டத்தின் தலைவியாக இருக்கும் என்று மரியாதையோடு நினைத்துக்கொண்டார். அதன் தலைப்பக்கம் ஊசிமுனை அளவில் இன்னோர் ஆரஞ்சுப் புள்ளி. பழமோ, பூவோ. மூச்சை அடக்கிப் பொத்தானை அழுத்தினார்.

தன் வாழ்நாளில் அவ்வளவு அழகான ஒன்றை அவர் அதுவரை பார்த்ததில்லை. திரையைத்தான் சொல்கிறேன்.

பொழுது சாயக் கலாவதி வந்தபோது அவர் போர்வைக்குள் முனகிக்கொண்டிருந்தார்.

"எப்படிலா காதுகுத்து?"

"நல்லா நடந்திச்சி. பய அப்படி ஒரு அழுகை. சாம்பார்ல உப்பு கம்மி. அண்ணன் உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாரு." அவள் முகத்தில் வெயில் பட்டிருந்தது. வழக்கமாக ரவாங்கிலிருந்து வரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவாள். அன்று ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே விளக்கேற்றினாள். "முட்டி எப்படி?"

"பரவால்ல. படுத்தே இருந்தேன்ல."

"அதான். ஓய்வு எடுத்தா எல்லாம் சரியாப்போவும்."

மூன்று வாரம் கழித்துப் போட்டிக் குழுவிலிருந்து பவனேஷ் என்ற இளைஞன் கூப்பிட்டான்.

"அங்கிள், உங்க போட்டோ செலக்ட் ஆயிருச்சி. ஆறுதல் பரிசு. ஞாயித்துக்கெழம டவுன்ல கண்காட்சி. மூணு அடிக்குப் பெருசாக்கி மாட்டுறோம்."

கணேஸ்வரனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ஒண்ணு கேக்கணும் அங்கிள். பின்னாடி ஒரு சின்ன ஆரஞ்சு இருக்குல்ல? அதாலதான் ஜட்ஜுங்க உங்கள எடுத்தாங்க. முன்னால பெருசா ஒண்ணு, தூரத்துல சின்னதா ஒண்ணு, பேசிக்கிற மாதிரி இருக்குன்னாங்க. பிளான் பண்ணி எடுத்ததா?"

"பின்ன? அதுக்காகவே ரெண்டு மணி நேரம் காத்திருந்தேன்லா தம்பி."

"கிரேட் அங்கிள். டைட்டில் என்னா போடட்டும்?"

"ஆறு தாயும் ஒரு பிள்ளையும்."

மனைவியிடம், எப்போதோ ஒரு செவ்வாய்க்கிழமை எடுத்த படம் என்று சொல்லிவைத்தார். படத்தில் தேதியில்லை, பயமில்லை. அந்தத் தைரியத்தில் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் கைப்பேசியில் அழைப்பு அனுப்பினார். ரவாங்குக்கும்தான்.

கண்காட்சி ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் நடந்தது. ஜன்னல் வழியாக வந்த காலை வெளிச்சத்தில் இருபது படங்களும் இருபது கனவுகள் போல மங்கலாகத் தொங்கின. ஒன்றில் சிவப்புக் குடை. ஒன்றில் நீலப் படகு. கணேஸ்வரன் கலாவதியை நடத்திக்கொண்டு தன் படத்தின் முன்னால் போய் நின்றார். மூக்குக்கண்ணாடியைச் சரியாக மாட்டிக்கொண்டு, முதல்முறையாக மூன்றடி அகலத்தில், தான் எடுத்ததைப் பார்த்தார்.

குட்டி எரிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் ஐந்து குரங்குகள்.

ஐந்துதான்.

ஆறாவது, பீரங்கி ஓரத்தில் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, காகிதச் சுருளிலிருந்து கச்சான் பூத்தே கடலை தின்றுகொண்டிருந்தது. புடவை கட்டியிருந்தது. நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கொண்டையில் ஒரு துண்டு கனகாம்பரம், அசல் நிறத்தில்.

மெல்லத் தலையைத் திருப்பினார். பக்கத்தில், ஒரு முழத் தூரத்தில், அதே கொண்டை. அதில் வீட்டுத் தொட்டியில் பூத்த அதே கனகாம்பரம்.

கலாவதி படத்தை ரசித்துக்கொண்டிருந்தாள்.

"அது யாரு?" என்றார், படத்தைக் காட்டி.

"எது?"

"பின்னால ஒக்காந்திருக்குல்ல. அது."

"நீங்கதானே எழுதிப் போட்டிருக்கீங்க, ஆறு தாயின்னு."

"கலா. அன்னிக்கி நீ ரவாங்குக்குப் போயிருந்த."

"நீங்க படுத்திருந்தீங்க."

அவ்வளவுதான். இரண்டு பேரும் மறுபடியும் படத்தைப் பார்த்தார்கள். அவளைப் பிடிக்க வேண்டுமென்றால் அவர் போர்வையை விட்டு வெளியே வர வேண்டும். அவர் வரமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். 'அப்போ யார் ரவாங்குக்குப் போனது?' என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, படிக்கட்டில் ரவாங்கின் குரல் கேட்டது.

"மாப்பிள்ள!"

பாலகிருஷ்ணன் ஏறி வந்தார். பின்னால் அவர் மனைவி நாகமணி. மாப்பிள்ளையின் இரண்டு தோளையும் பிடித்து, தலையிலிருந்து கால் வரை பார்த்து, காலிலேயே நின்றார்.

"நடக்கறீங்களா? அன்னிக்கிக் கலா போன்ல அழுவாத கொறயாச் சொல்லிச்சி. முட்டி பலூன் மாதிரி வீங்கிக் கெடக்கு, பாத்ரூமுக்குக்கூடத் தூக்கிட்டுத்தான் போறேன், இந்த நெலமயில எப்படி அண்ணே விட்டுட்டு வர்றதுன்னு. சரி, நீ மாப்பிள்ளயப் பாரும்மான்னு சொல்லிட்டேன்."

கணேஸ்வரனுக்கு மெல்ல மெல்ல விளங்கியது. மூன்று நாள் யோசித்து அவர் உண்டாக்கிய வலி. அதை வைத்து அவர் ஒரு காலைப்பொழுதைத்தான் சம்பாதித்தார். அவளோ அதே வலியை ஒரு போனில் வீங்க வைத்து, ஒரு முழு நாளையே எடுத்துக்கொண்டுவிட்டாள்.

"எங்க நம்ம படம்?" என்று திரும்பிய பாலகிருஷ்ணன் பார்த்தார். கிட்டப் போய்ப் பார்த்தார். அந்தக் கொண்டையைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்.

"கலா. இது நீதானே?"

"ஆமாண்ணே."

"இது எப்ப எடுத்தது?"

கணேஸ்வரனின் இரண்டு முட்டியும் அப்போது நிஜமாகவே ஆடின. 'செவ்வாய்' என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பவனேஷ் வந்து நின்று, "காதுகுத்து இருந்திச்சே, அந்தச் சனிக்கெழமதானே அங்கிள்? ஃபைல்லயே தேதி இருக்கு," என்றான். அவனும் ரவாங் விருந்தில் சாப்பிட்டவன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

சிவப்புக் குடையும் நீலப் படகும்கூடக் காது கொடுத்தன.

"அன்னிக்கித்தான்," என்றாள் கலாவதி, ஒரு மூச்சுக்கூட அதிகமாக விடாமல். "போன் போட்டது காலையில. அப்புறம் டாக்டர்கிட்ட கேட்டேண்ணே. படுத்தே கெடந்தா மடங்கிப்போவும், மேட்டுல மெதுவா ஏத்தி எறக்குங்கன்னாரு. நான்தான் கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போனேன். மேல போனதும் எனக்கு மூச்சு வாங்கிச்சி, ஒக்காந்துட்டேன். அந்த வலியிலயும் மண்டி போட்டு என்னையப் படம் புடிச்சாரு, பாத்துக்கங்க. கொரங்குங்கதான் குறுக்க வந்துருச்சிங்க."

பாலகிருஷ்ணனின் கண் கலங்கிவிட்டது. "மாப்பிள்ள..." என்று இழுத்து அணைத்துக்கொண்டார். நாகமணி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். சுற்றி நின்ற பெண்கள் படத்தையும் கலாவதியையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"அதான் அந்தப் பூவுக்கு மட்டும் கலர் வச்சிருக்காரு," என்றாள் ஒருத்தி. "எங்கூட்டு ஆளு கல்யாண ஆல்பத்தையே எங்க வச்சாருன்னு தெரியல."

ஆறுதல் பரிசு வாங்க வந்தவர், அரை மணி நேரத்தில் அந்த மாடியின் மிகச் சிறந்த கணவராகிவிட்டார். மறுத்துச் சொல்ல ஒரு வழியும் இல்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது செம்பனை வரிசைகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரியாக வந்து போய்க்கொண்டிருந்தன.

"அங்க என்னா பண்ணிக்கிட்டிருந்த?" என்று கடைசியில் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல. முச்சந்தியில பஸ்ஸப் புடிச்சி வந்து சும்மா ஒக்காந்திருந்தேன்." கொஞ்சம் கழித்து, "அந்தக் குட்டியக் கைமாத்திக் கைமாத்தி வச்சிக்கிச்சிங்க. யாரும் என்னைய எதுவும் கேக்கல. நல்லா இருந்திச்சி."

"நான் வந்தத எப்பப் பாத்த?"

"ஏறி வரும்போதே பாத்தேன். பயந்துட்டேன். அப்புறம் முப்பதடிக்கிட்ட வந்து கேமராவ என் பக்கம் தூக்குனீங்க. சரி, பாத்துட்டாரு, கூப்புடுவாருன்னு நெனச்சேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கூப்புடல."

கணேஸ்வரன் வண்டியை மெதுவாக்கினார். ஆலையில் எத்தனையோ லோரி நம்பர்களை மனப்பாடமாக வைத்திருந்தவர். அன்று காலை அவள் எந்தப் புடவையில் கேட்டைச் சாத்திக்கொண்டு போனாள் என்று நினைத்துப் பார்த்தார். வரவில்லை. படத்தில் தேடிப் பயனில்லை. கேமராவிடம் அவரே சொல்லியிருந்தார், அது வேண்டாமென்று.

"என்னா கலரு பொடவை கட்டியிருந்த?"

"நீங்கதான் படம் புடிச்சவரு," என்றாள் கலாவதி. "என்னையக் கேக்கறீங்க?"

விஷயம் அதோடு முடிந்திருந்தால் அவர் அதை ஒரு கனவாக நினைத்து மறந்திருப்பார். ஆனால் பாலகிருஷ்ணன் சொன்னதைச் செய்கிற மனிதர். ரவாங்கில் எண்ணெய் போட்டு முட்டி உருவிவிடுகிற ஓர் ஆளைத் தெரியுமாம். ஒரு வாரம் தங்கினால் இரும்புக்கம்பி மாதிரி ஆக்கிவிடுவாராம். வீட்டில் குலசாமிப் பூசையும் வருகிறதாம். அடுத்த வெள்ளிக்கிழமை காரோடு வந்து வாசலில் நின்றுவிட்டார்.

"நீயும் வாலா," என்றார் கணேஸ்வரன், தாழ்ந்த குரலில்.

"நானும் வந்தா செடிக்கு யாரு தண்ணி ஊத்துறது?" என்று சத்தமாகச் சொன்னாள் கலாவதி. "போயிட்டு வாங்க. அவசரப்படாதீங்க. நல்லா உருவிக்கிட்டு வாங்க." அவள் கழுத்தில் கேமரா தொங்கிக்கொண்டிருந்தது. அதை எப்போது மாட்டினாள் என்று தெரியவில்லை.

ரவாங்கில் மச்சானும் இன்னோர் ஆளுமாகக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். காலுக்கு ஒரு தலையணை வைத்தார்கள். தேநீர் வந்தது. இவ்வளவு அன்பான வீட்டுக்கு வர அவள் ஏன் இப்படிப் பயந்து குன்றேறினாள் என்று அவர் வியந்துகொண்டிருந்தபோது, நாகமணி ஒரு பெரிய தாம்பாளத்தை இரண்டு கையாலும் தூக்கி வந்து அவர் மடியில் இறக்கினாள். குவியலாகச் சின்ன வெங்காயம். மேலே ஒரு கத்தி.

"எட்டு கிலோதான் அண்ணே. எப்பவும் கலாதான் உரிக்கும். ஒக்காந்தே செய்யிற வேலை, முட்டிக்கு ஒண்ணும் ஆவாது."